ஈர மண்ணில் எழுதச் சொன்னவள்

சூளை வாயை அடைத்திருந்த செங்கற்களை மேஸ்திரி தங்கராசு ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கீழே வைத்தார். இரண்டு நாள் ஆறவிட்ட பிறகும் உள்ளேயிருந்து வந்த வெக்கை முகத்தில் அடித்தது. காலை எட்டு மணி இருக்கும். எனக்குப் பொதி கட்டும் வேலை. வைக்கோலைப் பிரித்துப் பரப்பிவிட்டு ஜாடிகள் வருவதற்காகக் காத்திருந்தேன்.

மேஸ்திரி குனிந்து உள்ளே போய் முதல் ஜாடியை எடுத்து வந்தார். ஊறுகாய் ஜாடி. மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், ஜாடியின் வாய் வழியாக வானம் தெரிந்தது.

அடி இல்லை.

"என்னாடா கண்றாவி இது?" என்றவர் உள்ளே போய் அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதில் அடி இருந்தது. அவர் கை வைத்ததும் முட்டை ஓடு உடைவதுபோலச் சின்னதாய் ஒரு சத்தம். அடி கழன்று அவர் காலடியில் விழுந்தது.

குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கை அகலத் துண்டு. அதில் எழுத்து இருந்தது. கண்ணருகே கொண்டுபோய்க் கூட்டிப் படித்தார்.

"பச்... சை... யம்... மா."

அந்தக் கொட்டகையில் பச்சையம்மாக்கா பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் பேரை மேஸ்திரி எழுத்தில் பார்த்துப் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்படி எழுதச் சொன்னவள் நான்.

நான் பள்ளியை விட்ட கதை

எட்டாவதோடு ஏன் நின்றுவிட்டீர்கள், வீட்டில் கஷ்டமா என்று, இதற்கு முன் நான் எழுதியதைப் படித்த வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். கஷ்டம் என்று சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும். ஆனால் அது இல்லை. எங்கப்பா ரயில்வேயில் கூலி வேலை பார்த்தாலும் என் ஸ்கூலுக்கு மட்டும் குறை வைக்கவில்லை. நான் பயந்துகொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

எங்கள் இங்கிலீஷ் சார் நல்ல மனுஷர். அடிக்கமாட்டார். பாடத்தை ஆளுக்கு ஒரு வரியாகப் படிக்கச் சொல்வார். முதல் பெஞ்சில் தொடங்கி வரிசையாக வரும். எனக்கு அர்த்தம் தெரியாது, எழுத்துக்கூட்டவும் தடுமாறும். அதனால் பாடம் தொடங்கியதுமே எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணுவேன். பதினேழு தலை என்றால் பதினெட்டாவது வரி என்னுடையது. அதை மட்டும் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டு, தமிழில் பென்சிலால் எழுதிவைத்து, வாய்க்குள்ளேயே நெட்டுருப் போடுவேன். மற்றவர்கள் படித்தது எதுவும் என் காதில் விழாது.

ஒருநாள் நடுவில் இருந்த ஒருத்தியைச் சாக்பீஸ் எடுத்துவர அனுப்பிவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. என் முறை வந்தது. எழுந்து நின்று, நெட்டுருப் போட்ட வரியைக் கணீரென்று படித்தேன். அது அடுத்தவளின் வரி.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். கோபமில்லாத சிரிப்பு. "ஒக்காரும்மா" என்றார்.

மறுநாளிலிருந்து இங்கிலீஷ் வகுப்பு இருக்கிற நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பொய்க் காய்ச்சல் இல்லை, தொட்டால் சுடும். அரைப் பரீட்சை வருவதற்குள் பையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

நான் கவலைப்படும் ரகம். பஸ் ஏறிவிட்டு வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று யோசித்தே பெண்ணாடம் வரை போவேன். கட்டிய பொதியை அவிழ்த்து ஜாடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கட்டுவேன். "ஒனக்கு வைக்கோலு கட்டறது வேல இல்ல, அவுக்கறதுதான் வேல" என்று அஞ்சலை கிண்டல் செய்வாள். அஞ்சலை சீர்ப்பிடிக்கும் பகுதியில் இருந்தவள். வாய் சும்மா இருக்காது.

கோழிக்கால்

அந்தச் சீர்ப்பிடிக்கும் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, ஜாடி ஓரளவு இறுகியதும் அச்சைப் பிரித்து எடுப்பார்கள். ஈரமும் உலர்வும் பாதிப் பாதியாக இருக்கும் அந்த ஜாடி பெண்களிடம் வரும். அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, வழவழப்பாக்கிப் பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். ஏழு பெண்கள் அதைச் செய்தார்கள்.

வெந்து வெளியே வந்த பிறகு எது யார் கை பட்ட ஜாடி என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ஊசி முனையால் அடியில் லேசாக ஒரு தொடு தொட்டு வைப்பார்கள். அஞ்சலைக்கு ரெண்டு புள்ளி. இன்னொருத்திக்கு ஒரு கோடு. பச்சையம்மாக்காவுக்கு மூன்று சின்னக் கீறல். அதற்குக் கோழிக்கால் என்று பேர்.

புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தால் அவளுக்கு என்ன அடையாளம் என்பதை மற்ற ஆறு பேரும் கூடிப் பேசித்தான் கொடுப்பார்கள். வந்தவள் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும். வேலையை விட்டுப் போனவளின் அடையாளத்தை உடனே வேறு யாருக்கும் தரமாட்டார்கள். "அவ தாலி மாதிரி அது, அவுத்து இன்னொருத்தி கழுத்துல கட்டுவியா?" என்பாள் அஞ்சலை.

பச்சையம்மாக்கா கை பட்ட ஜாடி சூளையில் கெட்டதாக நான் கண்டதில்லை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். புருஷன் போய் வெகுநாளாகிவிட்டது, பிள்ளை இல்லை, ஒண்டியாக ஒரு வீட்டில் இருந்தார். ஜாடியைச் சுண்டிப் பார்த்தே ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

சாயங்காலம் அஞ்சு மணி

தொண்ணூறுகளின் தொடக்கம். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்புகள் எங்கள் பக்கமெல்லாம் நடந்துகொண்டிருந்தன. எட்டாவது படித்திருந்தால் போதும், தொண்டராகச் சேரலாம் என்றார்கள். நான் எட்டாவது பாதி. அந்தப் பாதியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் பேர் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பலகையும் பல்பமும் புத்தகமும் கொடுத்து அனுப்பினார்கள்.

வேலை விட்டதும் அஞ்சு மணிக்குச் சீர்ப்பிடிக்கும் கொட்டகையிலேயே வகுப்பு. முதலாளி ஒரு மணி நேரம் அனுமதித்திருந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னைவிட மூத்த ஏழு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்கள்.

வரிசையாகப் படிக்கச் சொல்லவே கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். யார் தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது என்றேன்.

"சிரிக்காம படிக்கணும்னா நான் வூட்டுக்குப் போறேன் டீச்சரம்மா" என்றாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

ஆனால் வகுப்பு நடக்கவில்லை. பல்பம் உடைந்தது. கத்தி பிடித்து அழுத்திச் சீவிப் பழகிய கை அவர்களுக்கு. பலகையில் ஒரு சுழி போடுவதற்குள் பல்பம் இரண்டு துண்டாகும். மூன்று வாரத்தில் டப்பா காலி. எழுத்தோ கோணல் மாணலாக, நடுங்கிக்கொண்டு நின்றது. பச்சையம்மாக்கா பல்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது வழுக்குது விஜி. கைக்கு ஒன்னும் தெரியல" என்றார்.

நான் கவலைப்பட ஆரம்பித்தேன். இவர்களும் என்னைப்போல நின்றுவிடுவார்களோ என்று.

ஒருநாள் நான் கொஞ்சம் தாமதமாக வந்தேன். பச்சையம்மாக்கா தரையில் உட்கார்ந்து, வீணாய்ப்போன மண்ணை ரொட்டிபோலத் தட்டி, அடையாளம் போடும் ஊசியால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'அ'. அச்சில் வார்த்ததுபோல இருந்தது. சுழி, வளைவு, கால் எல்லாம் அதனதன் இடத்தில்.

"அக்கா! இது நீங்க எழுதுனதா?"

"மண்ணு புடிச்சிக்குது இல்ல?" என்றார் வெட்கத்தோடு. "எங்க அழுத்தணும், எங்க வுடணும்னு அதுவே சொல்லுது."

அன்றைக்கே பலகைகளை மூலையில் அடுக்கிவிட்டேன். ஆளுக்கு ஒரு மண் வில்லை. எழுது, பிசை, மறுபடி தட்டு, மறுபடி எழுது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே மாதத்தில் ஏழு பேரும் தங்கள் பேரை எழுதினார்கள். அஞ்சலை தன் பேரையும் மாமியார் பேரையும் எழுதி, மாமியார் பேரைக் கட்டை விரலால் அழித்துக் காட்டினாள்.

என் வாழ்க்கையில் நான் ஒரு காரியத்தை நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்த மாதம் அது ஒன்றுதான்.

"பேருதானக்கா"

பச்சையம்மாக்கா ஒருநாள் மண் வில்லையைப் பிசைய மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அழிக்கறதுக்கே எழுத வேண்டியிருக்கு" என்றார். "நான் தொடச்ச ஜாடி எந்தெந்த ஊருக்கோ போவுது. நான் திட்டக்குடியத் தாண்டுனது இல்ல. ஜாடியோட போவறது என்னா? கோழிக்காலு."

எனக்குச் சட்டென்று தோன்றியது. தோன்றியதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப கோழிக்கால் எதுக்குக்கா? ஜாடியிலேயே பேரை எழுதுங்களேன். எல்லாரும் எழுதுங்க. தெனமும் நாப்பது ஜாடின்னா நாப்பது தடவ எழுதுன மாதிரி. அதவிட வீட்டுப்பாடம் வேணுமா?"

பச்சையம்மாக்கா கையிலிருந்த ஜாடியைத் திருப்பி, அடியை விரலால் தடவினார்.

"அடி மெல்லிசு விஜி. வில்லை வேற, இது வேற. இத்தனை சுழி போட்டுக் கீறுனா தாங்குமா?"

"பேருதானக்கா. தாங்கும்."

அஞ்சலையும் சொன்னாள்: "ஆழமாக் கீறுனா நெருப்புல வாயப் பொளக்கும்டி."

"ஆழமா எதுக்குக் கீறணும்? எழுத்து தெரியற அளவுக்குப் போதும்" என்றேன். எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? நான் வைக்கோல் சுற்றுகிறவள். வெந்த ஜாடியைத் தவிர வேறு எதையும் கையால் தொட்டதில்லை.

பச்சையம்மாக்கா என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "படிச்ச புள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஜாடியின் ஈரத்தைச் சுண்டிப் பார்த்தே அறிந்த ஏழு பேர், எட்டாவது பாதியில் ஓடிவந்தவளின் பேச்சுக்காகத் தங்கள் கைக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்தார்கள். எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. கதவைப் பூட்டினேனா என்று நூறு தடவை கவலைப்படுகிறவள், இதற்கு மட்டும் ஒரு தடவைகூடக் கவலைப்படவில்லை.

சூளை அடுக்குகிறவர்கள் ஜாடியை நிமிர்த்தித்தான் அடுக்குவார்கள். அடியை யாரும் பார்க்கவில்லை.

யாரு ஆரம்பிச்சது?

ஏறக்குறைய பாதிச் சூளை போய்விட்டது. ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. மத்தியானம் லாரி வர வேண்டும்.

முதலாளி வந்தார். சத்தம் போடாத ஆள், அன்றைக்கும் போடவில்லை. சீர்ப்பிடிக்கும் ஏழு பேரையும் சூளை முன்னால் நிறுத்தினார். மேஸ்திரி ஒவ்வொரு அடித்துண்டாக எடுத்துப் படித்து, அவரவர் எதிரில் வைத்தார். அஞ்சலை. பச்சையம்மா. மறுபடி பச்சையம்மா. பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது. எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. ஒரு பிழை இல்லை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. சுழி போட்ட இடங்களில் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"இத யாரு ஆரம்பிச்சது?" என்றார் முதலாளி.

நான் பொதிக் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். பத்தடி தூரம்கூட இல்லை. கையில் வைக்கோல். நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய்க்குள் அந்த வார்த்தையைச் சொல்லியும் பார்த்தேன். கை கால் சுட ஆரம்பித்தது.

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் பச்சையம்மாக்கா ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் மொதலாளி. எனக்குத்தான் பேரு எழுதற ஆசை. இவளுங்க என்னப் பாத்து எழுதிட்டாளுங்க."

"இத்தன வருஷம் வேல பாத்தவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அந்த 'தெரியும்' எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

முதலாளி மற்ற ஆறு பேரையும் உள்ளே போகச் சொன்னார். பச்சையம்மாக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் ஊசியையும் கத்தியையும் பலகையில் வைத்துவிட்டு, பஞ்சை நன்றாகப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். தலையை மட்டும் லேசாக அசைத்தார். நான் வைக்கோலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

சுற்று வழி

கொட்டகையில் இனி வகுப்பு கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து அஞ்சலை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. பழைய பலகை, புதிய பல்பம்.

"பச்சையம்மாக்காவக் கூப்புட்டியா?" என்றாள் அஞ்சலை.

"போறேன்."

"நீதான் போவணும். வேலைய வுட்டு அனுப்புனது வேற, வகுப்பு வேற. டீச்சரு போய்க் கூப்புட்டாத்தான் வருவாங்க."

அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் அழுவேன், அழுதால் வீட்டுக்குத் தெரியும், தெரிந்தால் முதலாளிக்குப் போகும். இப்படியே ஓடியது புத்தி. மூன்றாவது நாள் அஞ்சலை கேட்டபோது, "சொல்லிட்டேன். அவங்க வரலையாம்" என்றேன்.

அஞ்சலை நம்பினாள். "கோவம் இருக்கத்தான செய்யும்" என்றாள்.

அவர் தெரு வழியாகப் போனால் எங்கள் வீடு ஐந்து நிமிஷம். நான் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். கேட் போட்டிருந்தால் கூட்ஸ் வண்டி போகும்வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். மழை பெய்தாலும் அந்த வழிதான். இரண்டு மூன்று மாதத்தில், அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கச்சி இருக்கிற பெண்ணாடத்துக்கே கரும்பு வெட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. பழைய வழியிலேயே வீட்டுக்குப் போனேன்.

காரணம் எழுதும் கட்டம்

அடுத்த வருஷம், தை மாதம் போல, ஏதோ ஒரு காலேஜிலிருந்து ஒருவர் வந்தார். பெரியவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், பாதியில் ஏன் நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். சின்ன வயதுதான். கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் வகுப்பின் ஏழு பேரையும் வரிசையாக எழுதிய தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே கட்டங்கள். எத்தனை நாள் வந்தார், எத்தனை எழுத்து தெரியும், நின்றிருந்தால் காரணம் என்ன.

"பூர்த்தி பண்ணி வைங்கம்மா. வர்ற வாரம் வந்து வாங்கிக்கறேன். உண்மையா எழுதுங்க. யாரையும் தப்பு சொல்றதுக்கு இல்ல இது."

ஆறு பேருக்கு எழுதிவிட்டேன். பச்சையம்மா என்ற பேருக்கு எதிரே பேனா நின்றது. 'இடம் பெயர்ந்தார்' என்று எழுதலாம், பொய் இல்லை. 'விருப்பமில்லை' என்றும் எழுதலாம். நாலு நாள் அந்தத் தாளை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளைப் பையில் வைத்துக்கொண்டு பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன்.

சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு டிராக்டர்கள் சாலையோரமாக வரிசையாய் நின்றிருந்தன. காற்றே இனித்துப் புளித்தது. விசாரித்துக்கொண்டே போனேன். வெள்ளாற்றுப் பக்கம் ஒரு வயலில், வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கோடு. என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"விஜியா? எம்மாந்தூரம் வந்திருக்கிற. வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நான்தான் எழுதச் சொன்னது என்று முதலாளியிடம் சொல்லாமல் நின்றுவிட்டேன், என் பயத்தால் உங்கள் வேலை போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று.

அவர் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதுக்கா இத்தன நாளா மருகிக்கிட்டு இருந்த? அது நானா இழுத்துப் போட்டுக்கிட்டது. கலியாணம் ஆவாத புள்ள, வேல போனா என்னா சொல்லுவாங்க? தாங்காதுன்னு தெரிஞ்சுதான கீறுனேன். அத வுடு."

எனக்கு அழுகை வந்தது. அவர் விடாமல் பேசினார். குரல் மட்டும் கொஞ்சம் மாறியது.

"ஆனா வேல போனா வகுப்பும் போயிடும்னு நான் நெனைக்கல விஜி. அஞ்சு மணியானா மூஞ்சி கழுவிக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருப்பேன். நீ வருவன்னு. அப்புறம் அஞ்சல வூட்டு வாசல்ல நடக்குதுன்னு யாரோ சொன்னாங்க. ரெண்டு நாளு தெருமுனை வரைக்கும் வந்தேன். ஒன் சத்தம் கேட்டுது, 'ககர வரிசை சொல்லுங்க'ன்னு. கூப்புடாத எடத்துக்கு எப்படி வர்றது? திரும்பிட்டேன்."

ஒரு வருஷமாக எதற்காகப் பயந்து ஒளிந்தேனோ அதை அவர் அன்றைக்கே தள்ளிவிட்டிருந்தார். ஒளிந்துகொண்டதுதான் அவருக்கு வலித்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழமைல நான் வரேன்க்கா. விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"கரும்பு வெட்டுக்கு ஏது ஞாயித்துக்கெழம?" என்று சிரித்தார். "இப்ப 'பச்ச' வரைக்கும் கை போவுது. அதுக்கப்புறம் நின்னுடுது. வேணாம் விஜி. ஆச இருந்தப்ப இருந்துது."

வயலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து அரிவாளை எடுத்தார். அப்போதுதான் தாளை நீட்டி, இப்படி ஒரு கட்டம் இருக்கிறது, நீங்கள் நின்றதற்கு என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

அவர் தாளை வாங்கவில்லை. கை அழுக்காக இருந்தது.

"டீச்சரு கூப்புடலன்னு எழுதிக்க. நெசம் அதுதான?" கோபமே இல்லாமல் சொன்னார். "டீ குடிச்சிட்டுப் போ. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

வர்ற வாரம் என்று சொன்னபடி அந்தக் கண்ணாடிக்காரர் வந்தார். தாளைப் படித்துக்கொண்டே வந்தவர் பச்சையம்மா என்ற பேரில் நின்றார்.

"ஆசிரியர் கூப்பிடவில்லைன்னு எழுதியிருக்கீங்க. இது படிக்க வந்தவங்களோட காரணம் எழுதற எடம்மா."

"அவங்க சொன்னதுதான் சார்."

"எங்க பட்டியல்ல அப்படி ஒரு காரணமே இல்லியே. அவங்க இப்ப ஊர்ல இல்லதானே? 'இடம் பெயர்ந்தார்'னு போட்டுக்கறேன்." பேனாவைத் திறந்தார்.

"அந்த வரிய அடிக்காதீங்க சார்" என்றேன்.

என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. உள்ளங்கை சுட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த டீச்சர் யாரு?"

"நான்தான்."

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கேட்க வேண்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவர் பேனாவை மூடினார். பிறகு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பேரைப் படித்தார்.